தகரப் பெட்டியும் தங்கச்சியின் காதும்

தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யாராவது தப்பு அடித்தால், அது முதலில் தொடையில்தான் தெரியும். காதுக்கு வருவதற்கு முன்பே தொடைக்கு வந்துவிடுகிறதா, அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் வந்தும் நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குளிர்ந்த தகடு பூனையின் வயிற்றைப்போல உள்ளுக்குள் உறுமுவதையும், அந்த உறுமல் எலும்பு வழியாக இடுப்புக்கு ஏறிக் கடைசியில் பல்வரிசையில் வந்து கூசுவதையும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் உடம்பு மறக்கவில்லை. காது மறந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பெட்டி எங்களோடு கப்பலில் வந்தது. நீல வண்ணம் பூசி, மூடியில் இரண்டு ரோஜாப்பூ எழுதிய பெட்டி. பூட்டு வழியிலேயே உடைந்துவிட்டது. அதற்குள் வந்த துணிமணிகள் நீலகிரியின் முதல் இரண்டு மழைக்காலங்களிலேயே நைந்து தீர்ந்துபோனதால், பெட்டி பெரும்பாலும் காலியாகவே சுவர் ஓரம் கிடந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆசனம் அதுதான். அதில் உட்காரும் உரிமை என் தங்கை மல்லிகாவுக்கு. கால் தரைக்கு எட்டாமல் தொங்க, முதுகைச் சுவரில் சாய்த்து, ஏதோ காரியாலயத்தில் முறை வருவதற்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருப்பாள்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களில் யார் அங்கே இருக்கலாம், யார் இங்கே வரவேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசிப் பிரித்த காலம். அந்தப் பிரிப்பில் என் அம்மாவின் தாயும் அக்காவும் அங்கே நின்றுபோனார்கள். நாங்கள் நால்வரும் கடலைத் தாண்டி, சேரங்கோட்டுப் பக்கத்துத் தோட்டமொன்றில் வந்து சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது, மல்லிகாவுக்கு மூன்று. புதிய வீட்டையும் அம்மா பழைய பெயரில் "காம்பரா" என்றுதான் சொன்னாள். அதன் முன்பக்கத்துத் தாழ்வாரம் "இஸ்தோப்பு". உள்ளூர்க்காரர்கள் எங்களை "சிலோன்காரங்க" என்றார்கள். அங்கே இருந்தவரையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

என் அப்பா அந்தப் பழைய தோட்டத்தில் தப்புக்காரர். விடியும் முன் லயங்கள் என்னும் கூலி வீட்டு வரிசைகளின் நடுவே நின்று தப்பு அடித்து ஆட்களை வேலைக்கு எழுப்புவது அவர் பொறுப்பு. ஆட்கள் காலையில் கூடி நிற்கும் இடத்துக்குப் "பெரட்டு" என்று பெயர். அதனால் அது பெரட்டுத் தப்பு. இங்கே அந்த வேலைக்கு ஆளே தேவைப்படவில்லை. ஃபேக்டரியின் கூரைமேல் ஒரு சங்கு இருந்தது, நேரமானால் அலறியது. மற்றவர்களைப் போலவே அப்பாவும் அந்தச் சங்குக்கு எழுந்து மண்வெட்டியோடு போனார். "சங்கு ஊரைக் கூப்புடுது. ஆளக் கூப்புடத் தெரியல அதுக்கு" என்பார். தப்பை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார். மழை ஈரத்தில் அதன் தோல் தொய்ந்துவிடும். அடுப்பு அனலில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, அது கணீரென்று ஆனதும் திருப்தியாக ஆணியில் மாட்டுவார். அடிப்பதற்கு ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்தது. அந்தக் காரணத்தை மல்லிகா கொடுத்தாள்.

கப்பலிலிருந்து இறங்கி முகாமில் தங்கியிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்தை அசைக்க முடியாமல் கண் சொருகிக் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று நினைத்த பிள்ளை ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டதும், இனி எல்லாம் சரி என்று அம்மா நினைத்துவிட்டாள். நடை மட்டும் சில வாரங்களுக்குத் தள்ளாடியது. அதுவும் சரியாயிற்று. பேச்சுதான் தேயத் தொடங்கியது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவும் எங்கள் கப்பலில் வந்தவள்தான். வாய்க்குப் பூட்டு இல்லாதவள். அவள்தான் முதலில் சொன்னாள்.

"புள்ளைக்குப் பேச்சு கொறைஞ்சுக்கிட்டே வருதே, கவனிச்சியா?"

"கடலப் பாத்து பயந்துருக்கு. வந்துரும்" என்றாள் அம்மா.

"பயந்தா எல்லாப் பேச்சுமில்ல போவணும்? இது சாக்குல ஓட்டை விழுந்த மாதிரி ஒண்ணொண்ணால்ல போவுது?"

எனக்குக் கோபம் வந்தது. மாரியாயி அக்கா சொல்வது பொய் என்று காட்ட, மல்லிகாவிடம் உள்ள சொற்களை எண்ணத் தொடங்கினேன். வாய்ப்பாடு படிக்கும் வயது, எதை எடுத்தாலும் எண்ணுகிற பிள்ளை. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை, என் மருமகளைக் கேட்டால் சொல்வாள். முதல் எண்ணிக்கையில் முப்பத்தொரு சொற்கள் இருந்தன. சில மாதம் கழித்துச் சங்கடத்தோடு மறுபடி எண்ணியபோது பத்தொன்பது. முதலில் போனவை "கோச்சி", "பாண்" போன்றவை. ரயிலும் ரொட்டியும். அவை போனதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் நாங்களும் அந்தச் சொற்களைத்தான் அப்போது மறந்துகொண்டிருந்தோம். கடையில் "பாண்" என்று கேட்டால் சிரித்தார்கள், அதனால் நாங்கள் அதை விட்டோம். குழந்தையும் எங்களைப் போலவே விடுகிறாள் என்று எண்ணிக்கொண்டோம். பிறகு "பூன" போயிற்று. "தண்ணி" என்பது "அண்ணி" ஆகி, "அஞி" ஆகி, ஒரு நாள் வெறும் கைநீட்டல் ஆயிற்று. வேறு மண்ணுக்கு வந்ததால் எல்லாருக்கும் ஏற்படுவது ஒன்று, அவளுக்கு மட்டும் ஏற்பட்டது ஒன்று. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்ததில் எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

காது கேட்கவில்லையோ என்று யாரும் கேட்காமல் இல்லை. அதற்கு அப்பாவிடம் பதில் இருந்தது. ஒரு மாலையில் அவர் தோலைக் காய்ச்சிச் சும்மா இரண்டு அடி அடித்துப் பார்த்தபோது, பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மல்லிகா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா மீண்டும் அடித்தார். மீண்டும் திரும்பிச் சிரித்தாள். அன்று எங்கள் காம்பராவில் ஏதோ பிள்ளை பிறந்ததைப்போல ஆரவாரம். அதிலிருந்து ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் அப்பாவுக்கு அதுதான் வேலை. அவள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார், அடிப்பார், அவள் திரும்புவாள். சந்தேகப்பட்டவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினார்.

"என்னாங்கண்ணே, தொரை மறுபடியும் பெரட்டுக்கு ஆள் கூப்புடச் சொல்லிட்டாரா?" என்று மாரியாயி அக்கா இஸ்தோப்பில் இருந்து கேலி செய்வாள்.

"வந்து பாரு. காது கேக்காதுன்னியே, வந்து பாரு."

"அவளுக்குக் கேக்குதோ இல்லியோ, எங்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது போவுது!"

சில நாள் அவள் தரையில் உட்கார்ந்து ஏதாவது விளையாடிக்கொண்டிருப்பாள். அப்போது எத்தனை அடித்தாலும் திரும்பமாட்டாள். "புடிவாதம். அவங்க ஆத்தா மாதிரி" என்பார் அப்பா. அம்மா முறைப்பாள். மழைநாளில் தோல் தொய்ந்து "தொம் தொம்" என்று மந்தமாக ஒலிக்கும்போது மட்டும் பெட்டிமேல் இருந்தபடி அவள் இன்னும் சீக்கிரமாகத் திரும்புவாள். "மழைக்குக் காது நல்லாத் தொறக்குது" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். நாங்கள் எல்லாரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பெட்டியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. மல்லிகாவிடம் மிஞ்சியது ஒரே சொல். என்னைக் கூப்பிடும் சொல். "அண்ணே" என்பதில் முன்னெழுத்து தேய்ந்து "ண்ணே" என்று நின்றிருந்தது. அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் கொஞ்ச நாளில் அவள் அம்மாவையும் "ண்ணே" என்றாள். அப்பாவையும், மாரியாயி அக்காவையும், பசித்தால் சோற்றுப் பானையையும் "ண்ணே" என்றாள். ஒரு சொல் எல்லாவற்றுக்கும் ஓடி ஓடி உழைத்தது.

அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பெயரைக் கேட்டார். அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி கேட்டார். பிறகு அப்பாவைத் தனியே அழைத்து, ஊட்டிக்குக் கூட்டிப்போய்க் காது பார்க்கிற டாக்டரிடம் காட்டச் சொன்னார். அப்பாவுக்கு வந்த ஆத்திரத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "காட்டுறேன். டாக்டருக்கே காட்டுறேன்" என்று சொல்லி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுவாரம் அம்மாவையும் என்னையும் மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், தப்பையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் அதைப் பார்த்ததும் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டருக்கோ குஷி.

"ஏனுங்க, எந்த ஊட்டுல விசேஷமுங்க? கண்ணாலமா, எழவுங்களா?"

"ஆசுபத்திரிக்குங்க" என்றார் அப்பா.

"ஆசுபத்திரிக்கு மேளத்தோட போற ஆளை இன்னிக்குத்தானுங்க பாக்கறேன். டாக்டருக்குக் கண்ணாலமாட்ட இருக்குது!"

பஸ்ஸே சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து மல்லிகாவும் சிரித்தாள். கூடலூர் தாண்டி மலை ஏற ஏறக் குளிர் கூடியது. ஊட்டியில் இறங்கிச் சுண்டிப் பார்த்தால் தோல் ஈரச் சாக்கைப்போலக் கிடந்தது. ஆசுபத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் அப்பா அடுப்பு அனலைக் கேட்டார்.

"ஏனுங்க, அடுப்பு டீக்கு வெச்சதுங்க, தோலுக்கு இல்லீங்க" என்றார் கடைக்காரர். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஓரமா நின்னு காட்டிக்குங்க. பால் பொங்கினா நீங்கதானுங்க பொறுப்பு" என்றார். அப்பா பொறுமையாகக் காய்ச்சினார். அது கணீரென்று ஆகும்வரை அவர் உள்ளே போகச் சம்மதிக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பையன் பென்சில் சீவுவதைப்போல இருந்தது.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. தப்பைக் கண்டு வியந்தாரே ஒழிய விரட்டவில்லை.

"இதென்னங்க கொண்டாந்திருக்கீங்க?"

"இத அடிச்சா திரும்புவா டாக்டரம்மா. நீங்களே பாருங்க. அப்பறம் சொல்லுங்க, காது கேக்குதா இல்லையான்னு."

"சரி, அடிங்க. ஆசுபத்திரியே எந்திரிச்சு நிக்கட்டும்."

மல்லிகாவை ஒரு நீண்ட மரப்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்பா பெஞ்சுக்குப் பின்னால் நின்று, ஒரு முறை மூச்சை இழுத்து, பழைய தோட்டத்தில் அடிக்கிற அதே பெரட்டு அடியை அடித்தார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் வாசலில் வந்து குவிந்தார்கள். மல்லிகா திரும்பினாள், அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா?" என்றார் அப்பா. அவர் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் எழுந்துவந்து மல்லிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். கழுத்தில் தொங்கிய குழாயை அவள் கையில் கொடுத்தார். "இப்ப அடிங்க" என்றார். அப்பா அடித்தார். வெளியே ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது, கூரையில் இருந்த குருவிகள் கிளம்பிப் பறந்தன. மல்லிகா குழாயை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பலமா."

அடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் திரும்பவில்லை.

"குழாய வச்சு வெளையாடுறா, அதான் கவனிக்கல" என்றாள் அம்மா.

டாக்டர் அவளை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தார். அப்பாவைப் பார்த்து, அடிக்கவேண்டாம் என்று கையால் சொன்னார். பிறகு குனிந்து, பெஞ்சின் அடிப்பலகையில் விரல்முட்டியால் இரண்டு முறை தட்டினார். மிக மெதுவான தட்டல். கதவோரம் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மல்லிகா உடனே பின்னால் திரும்பினாள். தப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்த அப்பாவைப் பார்த்து, அவர் அடித்துவிட்டதாக எண்ணிச் சிரித்தாள்.

அப்பா தப்பைத் தரையில் குப்புற வைத்தார். எனக்குத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கவேண்டும், ஏனென்றால், "அப்ப… பொட்டி" என்றார், அவ்வளவுதான்.

"ஒடம்பு கேட்டிருக்குதுங்க. காது கேக்கலீங்க" என்றார் டாக்டர். காய்ச்சலில் காதின் உள்பாகம் கெட்டுப்போயிருக்கும் என்றும், அது திரும்ப வராது என்றும் தன்மையாகச் சொன்னார். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். "காது வாசல்தானுங்க. சத்தத்தை வெச்சுப் பேச்சாக்கறது மூளை. இந்த வயசுல மூளைக்கு ஏதாச்சும் ஒரு பாஷை உள்ள போயே ஆகோணும். காது வழியா இல்லீன்னா கண்ணு வழியா. கோயமுத்தூர்ல இதுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்குதுங்க, அங்கயே தங்கிப் படிக்கோணும். தள்ளிப் போடாதீங்க. நாளாச்சுன்னா அந்த எடம் காலியா இருக்காதுங்க, மூளை அதை வேற வேலைக்கு எடுத்துக்கும். அப்புறம் எந்தப் பாஷையும் ஒட்டறது கஷ்டம்."

வரும் வழியில் அப்பா பஸ்ஸில் தப்பைக் காலடியில் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து சோறு தின்ற பிறகு, "கோயமுத்தூருக்கு அனுப்பணும் புள்ள" என்று ஆரம்பித்தார்.

"எங்கம்மாவக் கப்பலுக்கு அந்தப் பக்கம் விட்டேன். எங்கக்காவ விட்டேன். இவளையும் ஒரு எடத்துல விட்டுட்டு வரணுமா?"

"விடுறது இல்ல. படிக்கிறதுக்கு."

"ஆறு வயசுப் புள்ள. பசிக்குதுன்னு சொல்லக்கூட வாய் இல்ல. யாருகிட்ட போயி 'ண்ணே'ங்கும்?"

"டாக்டரம்மா சொன்னத நீயும் கேட்டேல்ல?"

"நீங்க பேசாதீங்க" என்றாள் அம்மா. சத்தம் போடாமல்தான் சொன்னாள். "கேக்குது கேக்குதுன்னு மூணு வருசமா அடிச்சு அடிச்சுக் காட்டுனது யாரு? நீங்க சொன்னத நம்பித்தான நான் இருந்தேன்? இனிமே இவ விசயத்துல நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்பா அதற்குமேல் பேசவில்லை. அன்று மட்டும் அல்ல. மறுவருடம் வாத்தியார் கேட்டபோதும், அதற்கடுத்த வருடம் மாரியாயி அக்காவே, "கூட்டிட்டுப் போய்த்தான் பாருங்களேன்" என்றபோதும், அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா தலையை அசைப்பாள். பேச்சு அதோடு நின்றுபோகும். டாக்டர் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் யோக்கியதையைத்தான் தப்போடு சேர்த்து அந்த ஆசுபத்திரித் தரையில் குப்புற வைத்துவிட்டதாக நினைத்தார். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பெண் எத்தனை பேரைத்தான் கரையில் நிற்க வைத்துவிட்டு வருவாள்? ஆனால் மூளைக்கு இந்த நியாயம் எல்லாம் தெரியாது. அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஊட்டியிலிருந்து வந்தபின் தப்பு ஆணியிலேயே தொங்கியது. மல்லிகாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. மாலையானால் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து காத்திருந்தாள். அப்பா இஸ்தோப்புப் பக்கம் போய்விடுவார். அவள் உள்ளங்கையால் பெட்டியைத் தட்டினாள்; தட்டிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்; யாரும் இல்லை. பல நாள் இப்படி. ஒருநாள் முக்காலி ஒன்றை மாரியாயி அக்கா வீட்டிலிருந்து இழுத்துவந்து, அதன்மேல் ஏறி, தப்பைக் கழற்றிக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்து, "ண்ணே" என்றாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துவந்து, காய்ச்சாமல், தொய்ந்த தோலிலேயே, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு விரல்களால் தட்டினார். முதல் தடவையாக அவள் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் முகத்தைப் பார்த்து அடித்தார். அது பரீட்சை இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் தகரத்தில் பதித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவர் சாகும்வரை அது நடந்தது. அம்மா அப்போது அடுப்பங்கரையை விட்டு வெளியே வரமாட்டாள்.

மல்லிகா வளர்ந்து கொழுந்து பறிக்கப் போனாள். கை வேகமான பறி. வேலை விடும் சங்கு அவளுக்குக் கேட்காது என்பதால் பக்கத்து நிரைப் பெண்கள் அவள் கூடையில் ஒரு தட்டு தட்டுவார்கள், உடனே நிமிர்ந்துவிடுவாள். சூப்பர்வைசரையும் "ண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். "இந்த எஸ்டேட்டுல எனக்கு ஒரு தங்கச்சி, அதுவும் லீவு கேக்காத தங்கச்சி" என்று அவர் சிரிப்பார். நான் படித்தேன், கணக்கு வாத்தியார் ஆனேன், ஊட்டி காந்தலில் குடியேறினேன். விடுமுறையில் போனால் அவளிடம் பேச எனக்குப் பத்துப் பதினைந்து கைஜாடைகள் இருந்தன. சோறு, மழை, வலி, அம்மா, போகிறேன், வருவேன். அதற்குமேல் இல்லை. நேற்று என்ன நினைத்தாய், எதற்குப் பயப்படுகிறாய், எங்கள்மேல் கோபமா என்றெல்லாம் கேட்க அவளிடமும் பாஷை இல்லை, என்னிடமும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியதும் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆசுபத்திரியில் கிடந்தாள். கடைசி நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து "ண்ணே" என்றாள். நான் குனிந்தேன். நர்ஸ், "உங்களத்தாங்க கூப்புடறாங்க" என்று எனக்கு இடம் விட்டார். என்னைத்தானா, தண்ணீரையா, செத்துப்போன அம்மாவையா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

இப்போது என் காது போய்க்கொண்டிருக்கிறது. மகன் ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதை மாட்டினால் தட்டு, கரண்டி, மின்விசிறி, குக்கர், தெருநாய் எல்லாம் ஒரே உயரத்தில் வந்து மோதுகின்றன. மனிதர் பேச்சு மட்டும் அதில் மூழ்கிவிடுகிறது. குறை சொன்னால், "நல்ல கம்பெனிப்பா" என்கிறான். கருவி வைத்துக்கொடுத்த பெண்ணிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். காதுக்குள் நத்தை ஓடு போன்ற ஒரு சுருள், அதில் மயிரிழை போன்ற உணர்விழைகள், அவை அசைந்தால் நரம்பில் செய்தி போகிறது, அவ்வளவுதான் காதின் வேலை என்றாள். எனக்குக் கொழுந்து நிறுக்கும் "மடுவம்" நினைவுக்கு வந்தது. பறித்ததை எல்லாம் அங்கே வாங்கிப் போடத்தான் செய்வார்கள். வதக்கி, உருட்டி, சலித்து, இது இலை, இது தூள் என்று பிரிப்பது ஃபேக்டரி. இத்தனை சத்தத்தில் இது என் பேரன் குரல் என்று பிரித்து எடுப்பது மூளைதானாம். பல வருடம் சரக்கு சரியாக வராமல் என் ஃபேக்டரிக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. "ஏனுங்க சார், இன்னும் முன்னாடியே வந்திருக்கோணும்" என்றாள் அந்தப் பெண். இதே பேச்சை நான் பன்னிரண்டு வயதில் கேட்டவன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். வெளியிலிருந்து சத்தம் வருவது குறைந்தால் மூளை சும்மா இருக்காதாம். தன்னிடம் உள்ளதை எடுத்துத் தானே ஒலிக்க விடுமாம். உண்மைதான். கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் எனக்கு விடியற்காலையில் பெரட்டுத் தப்பு கேட்கிறது. சில நாள் சங்கு. அதைக் கேட்ட அன்றிலிருந்துதான் எனக்கு இந்த நினைப்பு ஓயாமல் இருக்கிறது: மல்லிகா மூன்று வயதுவரை கேட்டவள் அல்லவா? அந்த மூன்று வருடத்துச் சத்தம் அவள் தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருந்ததா? கோச்சி, அங்கே விட்டுவந்த பாட்டியின் குரல், அப்பாவின் விடியற்காலை அடி. அதனால்தான் எங்கள் முகத்தைப் பார்க்காமல் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டாளா? கேட்டிருக்க முடியாத கேள்வி. கேட்க ஒரு பாஷையை நாங்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அந்த லயத்தின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். புதர் மண்டி, மாலைக்குமேல் யானை வருகிற இடமாகிவிட்டது. தப்பின் தோலை எலி தின்றது. பெட்டியை மட்டும் காந்தலுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்திருந்தேன். போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மருமகள் வாசலில் நின்று ஏதோ கேட்டாள். கருவி மேசைமேல் இருந்தது. எல்லாருக்கும் தலையாட்டுவதைப்போல அவளுக்கும் ஆட்டினேன். "உங்களைக் கேட்டுத்தானுங்க மாமா பொட்டிய எடைக்குப் போட்டேன்" என்று பிறகு சொன்னாள். பழைய இரும்புக்காரன் அதற்குள் இரண்டு தெரு தாண்டிப் போயிருந்தான்.

கருவியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் தப்பு வருகிறது, சங்கு வருகிறது. "ண்ணே" மட்டும் வருவதில்லை. அந்தச் சொல்லை உண்டாக்கியவள் அதை ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டவர்களில் மிச்சம் இருப்பவன் நான். பகலில் எங்கள் தெரு மேட்டில் லாரி ஏறும்போது கட்டில் லேசாக உறுமி அது தொடைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன். பார்க்கும்போது நான் சிரிக்கிறேனாம், பேரன் சொல்கிறான்.